ஹிமாலயனில் எஃப்எம், ஃபாக் லைட், சார்ஜர்: மதுரையில் கொடுத்துச் செய்த வயரிங்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் இரண்டு ஃபாக் லைட், யூஎஸ்பி சார்ஜர், ஹேண்டில்பாரில் மாட்டும் எஃப்எம் ரேடியோ, எல்லாவற்றையும் மதுரையில் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் கொடுத்து மாட்டினேன். வயரிங் வேலை அருமை. ரேடியோ செட்டைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

பல இடங்களில் ஹெட்லைட் வயரைச் சுரண்டி, அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள், ஒரு மழை வரைக்கும் எரியும். இவர் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் எடுத்து, அதன் பக்கத்திலேயே ஒரு பியூஸ், அப்புறம் ரிலே (சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அங்கிருந்து சீட்டுக்கு அடியில் சின்ன பியூஸ் பாக்ஸ், ஒவ்வொரு சாமானுக்கும் தனி பியூஸ் என்று போட்டார். கம்பெனி வயரில் கை வைத்தது ஒரே இடத்தில்தான், சாவி போட்டதும் ரிலேவுக்குக் கரண்ட் போவதற்காக. சாவியை எடுத்தால் எல்லாமே அணைந்துவிடும்.

அது ரொம்ப முக்கியம். இந்த வண்டியில் இருப்பது 12 வோல்ட், 8 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, அதாவது கணக்குப்படி 8 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும். தலா 40 வாட் என்று இரண்டு லைட்டும் சேர்ந்து 6.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இன்ஜின் ஓடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் போதும், பேட்டரி உட்கார்ந்துவிடும். கிக்கர் கிடையாது. பியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்பதால் சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளினாலும் கிளம்புவது சந்தேகம்தான்.

இன்னொரு ஜோடி லைட் கேட்டேன், மறுத்துவிட்டார். "ஆல்டர்நேட்டர் குடுக்குறதைத்தான் அண்ணே நாம செலவு பண்ண முடியும்." இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம்தான் ஆல்டர்நேட்டர். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்று மீட்டர் வைத்துக் காட்டிய பிறகுதான் சீட்டை மூடினார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்கிற ஆள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, ரேடியோ. கொடைக்கானல் பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே வத்தலக்குண்டு பக்கம் போக வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. ஃபாக் லைட்டைப் போட்டதும் ஒரே இரைச்சல். எல்இடி லைட்டுக்குள் இருக்கும் டிரைவர் என்கிற சர்க்யூட் கரண்ட்டை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பதால் வரும் தொல்லை அது. லைட் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, ஏரியலைப் பின் கேரியருக்கு மாற்றி, ரேடியோவின் எர்த்தை நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனார், முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் வண்டி வேகம் 60-ஐத் தாண்டினால் ஸ்பீக்கர் சத்தம் காற்றில் கரைந்துவிடுகிறது, ஹெல்மெட் போட்ட காதுக்கு ஒரு சொல்லும் எட்டாது. அந்தப் பணத்துக்கு ஹெல்மெட்டுக்குள் வைக்கும் புளூடூத் செட் வாங்குங்கள், பல மாடல்களில் எஃப்எம்மும் சேர்ந்தே வரும்.

சாமானை நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம் கிடைக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.