கார்டு எண்ணை ஒவ்வொரு முறையும் அடிப்பதா, டோக்கனாகச் சேமிப்பதா?

ஆன்லைனில் பணம் கட்டும்போது "இந்தக் கார்டைச் சேமிக்கவா?" என்று ஒரு கட்டம் வருமே, பல வருடமாக அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் மேலே போவேன். 16 இலக்கம், காலாவதி மாதம், சிவிவி எல்லாவற்றையும் கையால் அடிப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பினேன். வீட்டில் எல்லோருக்கும் அதையே சொல்லியும் வைத்திருந்தேன். ஒன்றரை வருடம் முன்பு மாறினேன். இப்போது நான் அடிக்கடி வாங்கும் நான்கு இடங்களில் கார்டு டோக்கனாக இருக்கிறது.

பழைய நம்பிக்கை ஒரு காலத்தில் சரிதான். அப்போது சேவ் செய்தால் முழுக் கார்டு எண்ணும் அந்தக் கடையின் சர்வரில் போய் உட்காரும். அங்கே திருட்டு நடந்தால் நம் எண்ணும் சேர்ந்து போகும். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்திவிட்டது. கார்டு தந்த வங்கியும் வீசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது. கடை வைத்துக்கொள்வது ஒரு மாற்று எண்ணைத்தான், அதற்குப் பெயர்தான் டோக்கன். அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் இருக்கலாம், அவ்வளவே.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அதேதான். அந்த வில்லை அந்த ஸ்டாண்டில் மட்டும்தான் செல்லும். இங்கேயும் ஒரு கார்டுக்கும் ஒரு கடைக்கும் சேர்த்து ஒரு டோக்கன். திருடியவன் அதை வேறு கடையில் கொண்டுபோய்ப் போட்டால் ஒன்றும் நடக்காது. இதற்குக் கட்டணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. டோக்கன் உருவாக்கும்போது ஒருமுறை ஓடிபி கேட்கும். அப்புறம் வாங்கும்போதும் ஓடிபி உண்டு. வேகம், வசதி இதிலெல்லாம் டோக்கன் முன்னே நிற்கிறது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கையால் அடிப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. வருடத்தில் ஒருமுறை மட்டும் வாங்கும் கடையில் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம். அங்கே நான் இன்னும் அடிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அடித்தவுடன் எண் மறைந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். அப்படி அடித்த விவரத்தைக் கணக்குத் தீர்ப்பதற்காக நான்கு நாள் வரை வைத்துக்கொள்ள 2022இல் ரிசர்வ் வங்கியே அனுமதி தந்தது.

என்னை மாற்றியது இதெல்லாம் இல்லை. அடிக்கும் பழக்கம்தான் ஆபத்து என்று புரிந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். காந்தப் பட்டை இருந்த காலத்தில் பட்டையில் உள்ள விவரத்தைத் திருடும் ஸ்கிம்மர் கருவியில் தேய்த்தால் போதும், நகல் கார்டு தயார். 2018 முடிவதற்குள் சிப் கார்டுக்கு மாறச் சொன்னார்கள். சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குவதால் நகல் எடுப்பதில் பயனில்லை. ஆன்லைனில் 2009 ஆகஸ்ட்டிலிருந்தே கார்டு எண் மட்டும் போதாது, இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று விதி. இப்படி இயந்திர வழிகள் ஒவ்வொன்றாக அடைபட, திருடனுக்கு மிஞ்சியது ஒரே வழி. நம் கையாலேயே எண்ணையும் ஓடிபியையும் அடிக்கவைப்பது.

என் சித்திக்கு நடந்தது அதுதான். "உங்கள் பார்சலைச் சேர்க்க முடியவில்லை, முகவரியை உறுதிசெய்ய 25 ரூபாய் கட்டவும்" என்று ஒரு குறுஞ்செய்தி. அவருக்கு உண்மையிலேயே ஒரு பார்சல் வரவேண்டியிருந்தது. லிங்க்கைத் தொட்டார், பக்கம் வந்தது, கார்டு எண் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு இடத்திலும் எண்ணை அடித்தே பழகியவர். கண்ணுக்குச் சிரமம் என்று கார்டின் இரு பக்கத்தையும் படம் பிடித்து கேலரியில் வைத்திருந்தார். அதைப் பார்த்து அடித்தார். ஓடிபி வந்தது, போட்டார். அந்தக் குறுஞ்செய்தியில் 18,400 ரூபாய் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் போன் ஆறு இலக்கத்தை மட்டும் எடுத்து மேலே காட்டும்போது யார் முழுச் செய்தியைப் படிக்கிறார்கள்?

கார்டை பிளாக் செய்தோம், சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "ஓடிபியை யார் போட்டது?" என்பதுதான். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர் பக்கம் இல்லாமல் மூன்றாவது ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டம் கிடையாது. ரகசிய விவரத்தைத் தானே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். பணம் திரும்பவில்லை. "நீ சொன்ன மாதிரிதானேப்பா அடிச்சேன்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

டோக்கன் இங்கேதான் வேறுபடுகிறது. அது அசல் கடையில் மட்டுமே தெரியும். போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கம் அதில் தயாராக நிற்காது. வெறும் பெட்டிதான் இருக்கும். எப்போதும் நிற்கும் கார்டு இன்று ஏன் காணோம் என்ற அந்த ஒரு நொடித் தயக்கம், எத்தனை எச்சரிக்கை விளம்பரம் பார்த்தாலும் வராது. சித்திக்கு இப்போது மூன்று இடத்தில் டோக்கன் போட்டுக்கொடுத்திருக்கிறேன். கேலரியில் இருந்த கார்டு படங்களை அழித்தாயிற்று. மின்கட்டணம் பாக்கி என்று சமீபத்தில் ஒரு லிங்க் வந்தபோது, "ஏம்ப்பா, இதுல என் கார்டு வரலையே?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எண்ணை அடிக்கவில்லை.

டோக்கனால் தடுக்கமுடியாதவையும் உண்டு. போனில் யாரோ பேசி ஓடிபியை வாங்கிவிட்டால், ஸ்கிரீன் ஷேர் ஆப்பைப் போடவைத்துவிட்டால், அது உதவாது. போனே தொலைந்தால் கடையின் ஆப்பும் ஓடிபி வரும் சிம்மும் ஒரே கையில் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் கையால் அடிப்பவர் கொஞ்சம் மேல். அதனால் லாக் ஸ்கிரீனில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிட்டேன். சிம்முக்கும் பின் நம்பர் (PIN) போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுத் தளங்கள் தனி. பல தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை, எண்ணும் சிவிவியும் கிடைத்தால் போதும். அதற்கு டோக்கனை நம்பாமல், கார்டிலேயே வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைப்பதுதான் வழி. 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தரவேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம், வரம்பும் வைக்கலாம். என் ஆன்லைன் வரம்பு 5,000 ரூபாய். பெரிதாக ஏதாவது வாங்கும் அன்று ஏற்றுவேன், வாங்கியதும் இறக்குவேன்.

கார்டு புதுப்பிக்கும்போது டோக்கன்கள் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, என் கார்டு இன்னும் காலாவதியாகவில்லை. விதிப்படி, பழைய கடைகளோடு புதுக் கார்டை இணைக்க வங்கி நம் சம்மதத்தைக் கேட்கவேண்டும்.

எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வங்கி காட்டவேண்டும், அங்கேயே நீக்கவும் முடியவேண்டும். என் வங்கியின் ஆப்பில் கார்டு மேலாண்மைப் பகுதிக்குள் அது இருக்கிறது. போன மாதம் திறந்து பார்த்தபோது, எப்போதோ ஒரே ஒரு குத்துவிளக்கு வாங்கிய கடை அதில் இருந்தது. அதை நீக்கிவிட்டேன்.