டக் டக் படகு: இன்ஜினுக்கு முழு மார்க், ஈயப் பற்றுக்குப் பாதிதான்

இந்தத் தகரப் பொம்மைப் படகின் டப்பாவில் என்னவோ ஸ்டீம் போட் என்று போட்டிருக்கிறது. மதுரைப் பக்கம் டக் டக் படகு என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். சித்திரைத் திருவிழா சமயத்தில் பிளாட்பாரத்துக் கடைக்காரர் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இதை ஓடவிட்டிருப்பார். சத்தம் கேட்டதும் அப்பாவின் கையை இழுக்க ஆரம்பித்துவிடுவேன். தலையாட்டி பொம்மை, தகரத் தவளை எல்லாம் அப்புறம்தான். இப்போது 150 ரூபாய்க்கு ஆன்லைனில் வந்து இறங்கியிருக்கிறது.

இருபது வருஷமாக ரேடியேட்டர் பற்றவைக்கிறவன் நான். அதனால் பெயின்டைப் பார்க்கும் முன்பே கொதிகலனைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன, சப்பையான தகர டப்பா அது. மேல் தகடு ரொம்ப மெல்லிசு. அதிலிருந்து இரண்டு குழாய்கள் படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் இன்ஜின். வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை, சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. 1891இல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்னும் பெரிதாக மாறவில்லை.

ஒரு குழாயில் இங்க் பில்லரால் தண்ணீர் விடுங்கள், மறு குழாயில் வழியும்வரை. இரண்டையும் விரலால் அடைத்தபடியே தொட்டியில் இறக்குங்கள். திரியை ஏற்றிக் கொதிகலனுக்கு அடியில் தள்ளுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு மெல்ல ஒரு நடுக்கம், அப்புறம் டக், டக், டக்கடக்கடக். நீராவி குழாயிலுள்ள தண்ணீரைப் பின்னால் பீய்ச்சுகிறது. உடனே குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் வெளியே போகும்போது ஒரே திசையில் நேராகப் போகிறது, உள்ளே வரும்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அந்த வித்தியாசத்தில்தான் படகு நகர்கிறது. மேல் தகடு உப்பி அமுங்குவதுதான் சத்தம். சின்ன வயதில் திரி எரிகிற சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

சத்தம் அப்படியே பழைய சத்தம். ஆனால் வந்த படகில் ஒரு குழாயின் அடியில் ஈயப் பற்று சரியாகப் பிடிக்கவில்லை. கசிந்து, திரி அணைந்து, படகு நடுத்தொட்டியில் நின்றுவிட்டது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. சரி போ என்று நானே சுரண்டி, புதுசாக ஈயம் வைத்துவிட்டேன். பட்டறை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெயின்டும் மோசம், சுடர் படும் இடத்தில் பொரிந்துவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து விளையாட்டுச் சாமான்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த டப்பாவில் தேடிப் பார்த்தேன், காணவில்லை. வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் கையில் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கூடவே வந்த மெழுகுவர்த்தித் துண்டு வேண்டாம். உருகி ஒழுகுகிறது, கொதிகலனின் அடியில் கரி அப்புகிறது. பஞ்சுத் திரியை நல்லெண்ணெயில் நனைத்துப் போட்டால் சுடர் நிதானமாக நிற்கும். இன்னொன்று, தண்ணீர் விடாமல் விளக்கை வைக்கவே கூடாது. தண்ணீர் இருக்கும்வரை கொதிகலன் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வறண்டால் போச்சு, ஈயப் பற்று 200 டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும்.

மகளுக்குப் படகு போவதைவிட விளக்கைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதில்தான் ஆசை. அணைந்தால்கூடச் சந்தோஷப்படுகிறாள். எனவே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் மனைவிக்குத்தான் துணி ஊறவைக்கிற டப் கிடைப்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். திருவிழாக் கடையில் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள், சோதித்துப் பார்க்கலாம். கொதிகலனைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு குழாயை விரலால் அடைத்துக்கொண்டு மற்றதில் சின்ன ரப்பர் டியூப் செருகி ஊதுங்கள். பஞ்சர் கடையில் பார்ப்பது மாதிரிதான். எங்கேயாவது குமிழி வந்தால் வேறு படகு கேளுங்கள்.