என்ஜின் மாறியது, முட்கள் நின்றன: பழைய டேஷ்போர்டை ஓட வைக்க எது நல்ல வழி?

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் 5.3 லிட்டர் எல்எஸ் வகை என்ஜினை (ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை, கணினி இயக்கும் 8 சிலிண்டர் என்ஜின்) இறக்குவது அமெரிக்கப் பட்டறைகளில் வழக்கமான வேலை. என்ஜின் உறுமத் தொடங்கிவிடும். டேஷ்போர்டில் பெரும்பாலான முட்கள் மட்டும் அசையாது. அந்த வண்டிக்கு முகமே அந்த மீட்டர்கள்தான். ஆகவே அவற்றைக் கழற்றாமல் ஓட வைக்கும் வழிக்கே என் வாக்கு.

பழைய மீட்டர் மின்தடையைப் படிக்கிறது. ஆயில் பிரஷருக்கு 0 முதல் 90 ஓம் வரை. எல்எஸ் என்ஜினின் ஆயில் சென்சாரோ 5 வோல்ட் வாங்கிக்கொண்டு மின்னழுத்தமாகப் பதில் தருகிறது. என்ஜின் கணினிக்குப் புரியும் அந்தப் பதில் பழைய முள்ளுக்குப் புரியாது. அதனால், எந்த மீட்டரோ அதற்குரிய சென்சாரையே புது என்ஜினில் பொருத்துவதுதான் முதல் வழி. வலப்பக்க சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் 12 மி.மீ. துளை ஒன்று அடைப்பானுடன் சும்மா இருக்கிறது. அடாப்டர் வைத்து வெப்பநிலை சென்சாரை அங்கே மாட்டலாம். கணினிக்கான சென்சார் இடப்பக்க முன்முனையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆயில் சென்சாருக்குத்தான் பொறுமை வேண்டும். அதற்கான 16 மி.மீ. துளை, என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிபோல்டுக்குப் பின்னால், என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. பழைய சென்சார் பருமனானது. கையும் ஸ்பேனரும் நுழையாது. ஆயில் பில்டருக்கு மேலே இருக்கும் சிறு மூடியில் துளையிட்டு மரை வெட்டி, அங்கே மாட்டுவது எனக்குப் பிடித்த தீர்வு. ஒரே எச்சரிக்கை: இந்தச் சென்சார்களுக்கு எர்த் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டெஃப்லான் டேப்பை மரை முழுக்கச் சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் பொய் சொல்லும்.

இரண்டாவது வழி, என்ஜின் வந்த வண்டியின் மீட்டர் தொகுப்பையே கொண்டுவந்து பொருத்துவது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2003-க்குப் பிந்திய தொகுப்புகள் தகவல்களை டேட்டா ஒயர் வழியே பெறுகின்றன. அவற்றின் முள்ளை நகர்த்தும் சிறு மோட்டார்கள் பழுதாவதற்குப் பேர்போனவை. எரிபொருள் மீட்டரும் வம்பாகும். சி10-இன் டேங்க் மிதவை 0 முதல் 90 ஓம். புதியவை 40 முதல் 250 ஓம். இதுவரை ஒழுங்காக ஓடிய எரிபொருள் முள்ளையும் நாமே கெடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது வழி, டகோட்டா டிஜிட்டல் போன்ற மீட்டர் தயாரிப்பாளர்கள் இதே வண்டியின் அளவுக்குச் செய்து தரும் முழுத் தொகுப்பு. சென்சார்கள் உடன் வருகின்றன, துல்லியமும் உண்டு. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர் இதை வாங்கினால் குறை சொல்ல மாட்டேன். பழைய முகம் போய்விடுவதுதான் விலை.

வேகத்துக்கும் என்ஜின் சுழற்சிக்கும் மட்டும் பழைய சென்சார் உதவாது. கேபிளால் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டருக்கு, மணிக்கு 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 முறை சுற்ற வேண்டும். எல்எஸ் என்ஜினோடு வழக்கமாக வரும் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கேபிளே கிடையாது. மின் துடிப்பு மட்டுமே வரும். அதைப் படித்துக் கேபிளைச் சுழற்றும் மோட்டார் பெட்டி ஒன்று தேவை. என்ஜின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டரில் வேறு சிக்கல். எல்எஸ் கணினி ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகள் தருகிறது. 8 சிலிண்டர் மீட்டர் 4 எதிர்பார்க்கிறது. முள் பாதிதான் ஏறும். இடையில் சிக்னல் மாற்றும் பெட்டி வைத்தால் சரியாகிவிடும்.

எதையும் வாங்குமுன் மீட்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். சாவியைத் திருப்பி, வெப்பநிலை ஒயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் முள் சூட்டின் உச்சிக்கு ஓட வேண்டும். ஆயில் ஒயரைத் தொட்டால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அசையாவிட்டால் கோளாறு என்ஜின் பக்கம் இல்லை. மீட்டரையும் அதன் ஒயரையும் முதலில் பாருங்கள்.