பின்பக்கம் பார்க்காமல் வாங்கிய மெஸி ட்ராக்டர்: ஆறு வருட அனுபவம்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு ட்ராக்டர் எதற்கு என்று முதலில் கேட்டவள் என் மனைவி. பிறகு மைத்துனர் கேட்டார். வண்டியின் உரிமை மாற்றத்துக்காக நாரஹேன்பிட்டி மோட்டார் வாகன அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர்கூடக் கேட்டார்.

ஹங்வெல்லைக்குச் சற்று உள்ளே அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. கொழும்பு மாவட்டம்தான், ஆனால் இரண்டு பருவமழையும் விடாமல் நனைக்கும் ஈரவலயம். ஆள் வைத்துப் புல் வெட்டினால், கடைசி வரிசைக்கு வரும்போது முதல் வரிசையில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். தேங்காய் பறித்த காசில் பாதி புல்லுக்கே போனது. அதனால்தான் ட்ராக்டர்.

2019 கடைசியில் வாங்கினேன். மெஸி பெர்கசன் 135, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், ஏறத்தாழ 45 குதிரைவலு, பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. இங்கிலாந்தில் 1964 முதல் 1975 வரை செய்த மாதிரி அது. என்னை விட வயது கூடிய வண்டிக்கு எட்டரை இலட்சம் கொடுத்தேன். புதிது வாங்க வசதி இல்லை. இரண்டு சில்லு லேண்ட் மாஸ்டர் என்றால் அதன் பின்னால் நடக்க வேண்டும், எனக்கு முழங்கால் வலி. பழையதென்றாலும் பஞ்சிகாவத்தையில் இதற்குச் சாமான் கிடைக்காத நாளே இல்லை என்றார்கள். அது உண்மைதான். சில மாதங்களில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். "அந்தக் கிழட்டு மெசினைக் குடுக்கிறீங்களா?" என்று அதன் பிறகு இரண்டு பேர் கேட்டு வந்தார்கள்.

வாங்கும் அன்று நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முன்னால் நின்றே எல்லாவற்றையும் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பார்த்தேன், ரேடியேட்டரை எட்டிப் பார்த்தேன், ஒயில் அழுத்தம் பார்த்தேன். புது பெயின்ட் வேறு. பின்னால் போய்ப் பார்க்கவில்லை. இந்த ஆறு வருடத்தில் செலவானது முழுக்கப் பின்பக்கத்துக்குத்தான். எஞ்சின் பாவம், ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை.

முதல் அடி கிளட்ச்சில் விழுந்தது. இந்த மாதிரியில் இரண்டு வகை உண்டு. இரட்டைக் கிளட்ச் என்றால் பெடலைப் பாதி மிதிக்கும்போது வண்டி நிற்கும், பின்னால் பூட்டிய கருவிக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்கும். ஒற்றைக் கிளட்ச்சில் மிதித்தால் எல்லாம் ஒன்றாகத் துண்டிக்கப்படும், கருவியைத் தூக்கும் ஹைட்ரோலிக்கும் சேர்த்து. என்னுடையது ஒற்றை. அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

ஸ்லாஷர், அதாவது சுழலும் பிளேடால் புல் வெட்டும் கருவி, பூட்டிய முதல் சனிக்கிழமை புரிந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பக்கமாக வந்து கிளட்ச்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. எஞ்சினிலிருந்து பிரிந்தாலும், சுழன்றுகொண்டிருந்த கனத்த பிளேடுகள் பி.டி.ஓ. வழியாகப் பின்னாலிருந்து கியரைத் திருப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டே போயின. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கிணற்றுக் கட்டுக்கும் முன் சில்லுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

இதற்கு மருந்து ஒரு சின்னச் சாமான்: ஓவர் ரன்னிங் கப்ளர். சைக்கிளின் ஃப்ரீவீல் போலத்தான், எஞ்சின் பிளேடைச் சுற்றலாம், பிளேடு வண்டியைத் தள்ள முடியாது. பி.டி.ஓ. முனை 1 3/8 அங்குலம், ஆறு பல் என்று சொல்லிப் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலே ஒன்று சொன்னார்: "இதைப் போட்டா தண்டு நீளம் கூடும், அளந்து வெட்டுங்க." வெட்டாமல் பூட்டி ஹைட்ரோலிக்கைத் தூக்கியிருந்தால் தண்டு இறுகிப் பின்பெட்டியையே உடைத்திருக்கும். அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அதே கடைக்காரர் இன்னொரு முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்லாஷர் தண்டில் ஒரு போல்ட் உண்டு, பிளேடு எதிலாவது மோதினால் அறுந்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. புல்லுக்குள் தென்னங்குற்றி, கபுக் கல் என்று மோதி மாதம் இரண்டு போல்ட் அறுந்தது. எரிச்சலில் பழைய சோனகத் தெருவில் நல்ல உறுதியான ஸ்டீல் போல்ட் ஒன்று வாங்கிப் போட்டேன். போல்ட் அறவில்லை. கியர்பொக்ஸ் உறை பிளந்தது. உடைந்த உறையைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அவர் சிரித்தார். இப்போது மெல்லிய போல்ட் ஒரு டஜன் வாங்கி டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது அடி மழையால். முதல் வருடம் தறப்பாள் போட்டு மூடி வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஹைட்ரோலிக் மெதுவாக, முனகிக்கொண்டு தூக்கியது. ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் பால்தேநீர் நிறம். கியர்பொக்ஸ், ஹைட்ரோலிக், பின் அச்சு மூன்றுக்கும் இந்த வண்டியில் ஒரே ஒயில்தான். கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை வெடித்திருந்தது, அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. சில நூறு ரூபாய் ரப்பருக்காக வாளிக்கணக்கில் ஒயிலை ஊற்றி வடித்து, டீசலால் கழுவி, மறுபடி ஊற்றினோம். அடுத்த மாதமே தகரக் கொட்டில் போட்டேன். ஈரவலயத்தில் ட்ராக்டர் வாங்குபவர் முதலில் கூரையை வாங்க வேண்டும், வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காணியைப் பார்த்துக்கொள்பவர் எழுபது தாண்டிய சிங்களப் பெரியவர். மாமா என்று கூப்பிடுவேன். சிங்களத்திலும் மாமா மாமாதான் என்பதால் இரண்டு பேருக்கும் வசதி. அவரோடு எனக்கு ஒரேயொரு சண்டை, அவர் இடுப்பில் கட்டும் சாரம். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும், நொடிக்கு 9. சாரத்தின் ஒரு நுனி அதில் சிக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்காது. தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன், மாமாவுக்கு இரண்டு காற்சட்டை வாங்கிக் கொடுத்தேன். உறை இருக்கிறது. காற்சட்டையைக் கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போகிறார். அதனால் எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் வரக்கூடாது என்று ஒப்பந்தம்.

ஆனால் என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான். விழுந்த மரத்தின் குற்றியைப் பிடுங்க, சங்கிலியை, வண்டியின் பின்னால் உயரத்தில் கருவியின் மேல் இணைப்புக் கம்பி பூட்டும் இடத்தில் கட்டினேன். உயரத்தில் கட்டினால் இழுவை கூடும் என்று என் கணக்கு. கிளட்ச்சை விட்டதும் முன் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின. மாமா போட்ட சத்தத்தில் கால் தானாகக் கிளட்ச்சுக்குப் போனது. பின் அச்சுக்கு மேலே எங்கே கட்டி இழுத்தாலும் வண்டி பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவர் மேல் விழலாம். கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும்தான் கட்ட வேண்டும். அன்றைக்குக் குற்றியை அப்படியே விட்டோம், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மற்றக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மண் வாரும் பிளேடு ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று பாய்ந்து வாங்கினேன். அதைப் பூட்டும் ஊசி 28 மில்லிமீற்றர், என் வண்டியில் அது நுழையும் ஓட்டை 22. லேத்தில் கடைந்து மாற்றியதில் மலிவு போய்விட்டது. கலப்பை வாங்கி வீணாக்கினேன். 26 அடி இடைவெளியில் நிற்கும் தென்னைக்கு நடுவே ஆழமாக உழுதால் வேரைத்தான் அறுப்போம். அது கொட்டிலில் கோழி ஏறி இருக்கும் இடமாகிவிட்டது. பின்னால் இழுக்கும் பெட்டி (ட்ரெய்லர்) மட்டும் வாங்கிய நாளிலிருந்து சும்மா நின்றதில்லை: தேங்காய், மட்டை, எரு, ஒரு முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்யாணத்துக்குக் கதிரைகள். வண்டியைப் பிரதான வீதியில் இறக்குவதென்றால் உரிமத்தில் ஜி வகுப்பு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டீசல், ஸ்லாஷர் ஓட்டினால் மணிக்கு மூன்று, நான்கு லீற்றர். வாங்கியபோது இது ஒரு கணக்கே இல்லை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாய்க்கு விற்றது, ஜூன் கடைசியில் 460. காசு இருந்தாலும் டீசல் இல்லை. அந்த வருடம் புல் தலைக்கு மேல் வளர்ந்தது. கேனில் இருந்த கடைசி டீசலைப் பார்த்துப் பார்த்து ஓட்டி, டாங்க் காய்ந்து, குழாயில் காற்றுப் புகுந்து, ஃபில்டரிலும் பம்பிலும் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திக் காற்று எடுக்கப் பழகினேன். இப்போது அரை மணியில் செய்வேன். அன்றைக்கு ஒரு பகல் எடுத்தது.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், இரட்டைக் கிளட்ச் உள்ளதாக. பார்க்கப் போகும்போது ஒரு ஸ்லாஷரையோ நான்கு சிமெந்து மூட்டையையோ பின்னால் ஏற்றித் தூக்கச் சொல்வேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்து, அது இறங்கிவிட்டதா என்று பார்ப்பேன். ஒயில் கம்பியை இழுத்துப் பார்ப்பேன். பெயின்ட்டைப் பார்க்க மாட்டேன்.

பின் டயர்கள் இரண்டிலும் வெடிப்பு விழத் தொடங்கிவிட்டது, 12.4-28 அளவு. புதிதாக ஒரு சோடி விசாரித்து வைத்திருக்கிறேன். அதைச் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "அது பல்கனிக்கு வராதுதானே?"