மெயில் ஐடி ஒன்றா, இரண்டா?

வங்கிக்கும் அதே ஐடி, தள்ளுபடி கூப்பனுக்கும் அதே ஐடி என்று இருந்தால், இரண்டையும் பிரிக்க ரெண்டு வழி இருக்கிறது. ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் பிளஸ் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து (பெயர்+கடை@gmail.com மாதிரி) கொடுக்கலாம், மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். இல்லையென்றால் தனியாக இன்னொரு கணக்கு.

அமைப்பது
பிளஸ்: ஒன்றுமே செய்ய வேண்டாம். ஆனால் சில தளங்கள் அந்தக் குறியை ஏற்காது.
இரண்டாவது கணக்கு: பத்து நிமிடம், இன்னொரு பாஸ்வேர்ட்.

இடம்
பிளஸ்: அதே 15 ஜிபி, போட்டோக்களும் அதில்தான்.
இரண்டாவது: தனி 15 ஜிபி.

பராமரிப்பு
பிளஸ்: ஃபில்டர் போட்டால் கடை மெயில் எல்லாம் தானாக ஒரு லேபிளுக்குள் போய்விடும்.
இரண்டாவது: 2 வருடம் திறக்காமல் விட்டால் கூகுள் கணக்கையே நீக்கலாம்.

பாதுகாப்பில்தான் பெரிய வித்தியாசம். பெயர்+கடை முகவரிக்கு லாட்டரி மெயில் வந்தால் எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்று உடனே தெரிந்துவிடும், அது ஒரு சின்ன திருப்தி, அவ்வளவுதான், ஏனென்றால் பிளஸையும் அந்தச் சொல்லையும் அழித்தால் உங்கள் உண்மையான முகவரி யார் கைக்கும் கிடைத்துவிடும். வங்கி பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் வருவதும் அங்கேதான். தனிக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை.

குப்பையைப் பிரித்தால் போதும் என்பவர்களுக்கு பிளஸ். பணம் புழங்கும் ஐடிக்கு தனிக் கணக்குதான், இருபடி சரிபார்ப்போடு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு முறையும் உறுதி கேட்பது).