காபோன் போறவங்களுக்கான அறிமுக வகுப்பு: தேர்தல் பாடத்துக்காகவே காசு கட்டலாம்

மத்திய ஆப்பிரிக்காவுல இருக்கிற காபோன் நாட்டுக்கு வேலையா போறவங்களுக்குன்னு இங்க சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார் பக்கம் ஒரு டிரெயினிங் சென்டர்ல நடத்துற அறிமுக வகுப்புக்கு போயிட்டு வந்தேன். ரெண்டு சனிக்கிழமை, காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், கட்டணம் 380 வெள்ளி, பாதி கம்பெனி கட்டுச்சு பாதி கைக்காசு. போலாமா வேணாமான்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருக்காங்க, அதான் வெவரமா எழுதறேன். போங்க. ஆனா ரெண்டாவது சனிக்கிழமை நடக்குற தேர்தல் பாடத்துக்காக போங்க, மத்ததுல பாதிக்கு மேல நீங்களே தேடி படிச்சுக்கலாம்.

எதுக்கு இந்த நாட்டுக்குன்னு தனியா வகுப்புன்னு கேக்குறவங்களுக்கு: 2010-ல காபோன் காட்டு மரத்த அறுக்காம அப்படியே ஏத்துமதி பண்றத தடை பண்ணிடுச்சு, அங்கயே அறுத்த பலகையாவோ பிளைவுட்டாவோ தான் வெளிய வரணும், அதுக்காக தலைநகர் லிபர்வில் பக்கத்துல என்கோக்ல ஒரு தொழில் வட்டாரம் வந்துச்சு, அத ஆரம்பிச்சதுல இங்க தலைமையகம் வச்சிருக்கிற ஓலம் கம்பெனிக்கும் பங்கு உண்டு. அதனால மரம், கப்பல், கணக்கு வேலைன்னு சிங்கப்பூர்லேர்ந்து நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் அங்க போய் வர்றாங்க, என் கூட உக்காந்தவங்கள்ல பாதி பேரு நம்மாளுங்க தான்.

முதல் சனிக்கிழமை சுமார். மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட புத்தகம் இல்லாம போக முடியாது, மலேரியாவுக்கு டாக்டர கேளுங்க, பணம் சிஎஃப்ஏ பிராங்க், கொஞ்சம் பிரெஞ்சு வணக்கம் நன்றி. இதெல்லாம் தெரிஞ்ச விஷயம் தான். ஏசி வேற ரொம்ப குளிரு, ஜாக்கெட் எடுத்துட்டு போங்க. மதிய சாப்பாடு அவங்களே தர்றாங்க, சைவம்னா முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா கீழ கோப்பி கடைக்கு தான் ஓடணும்.

ரெண்டாவது சனிக்கிழமை தான் விஷயமே. காபோன்ல ஒவெண்டோ துறைமுகத்துல பல வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி வந்த அண்ணன் ஒருத்தர் எடுக்கிறார். பாடம் இங்கிலீஷ்ல, ஆனா இடைவேளையில தமிழ்ல கேட்டா தமிழ்லயே பொறுமையா சொல்றார். வந்த உடனே ஸ்லைடு போடல, மேசை மேல ஒளிவு மறைவில்லாம உள்ள தெரியற பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணு வச்சாரு, ஒரு கட்டு கவர், நாலு கலர்ல துண்டு சீட்டு, மூலையில அட்டைய வச்சு ஒரு மறைப்பு. "ஓட்டு போடுங்க, அப்புறம் பேசலாம்"னாரு. இங்க நமக்கு ஒரே வாக்குச்சீட்டு, போட்டி போடுற எல்லாரும் அதுல இருப்பாங்க, எக்ஸ் முத்திரைய குத்தி மடிச்சு போட்டா முடிஞ்சுது. அங்க பிரெஞ்சுக்காரங்க வழக்கம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி சீட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டு மறைப்புக்குள்ள போய் வேண்டியவரோட சீட்ட மட்டும் கவர்ல போட்டு பெட்டியில விடணும். 2024 நவம்பர்ல புது அரசியல் சாசனத்துக்காக நடந்த பொது வாக்கெடுப்புல கூட ஆமான்னா பச்ச சீட்டு, இல்லன்னா சிவப்பு சீட்டு.

எல்லாரும் போட்டு முடிச்சதும் அண்ணன் கேட்டாரு, மிச்ச சீட்ட என்ன பண்ணீங்கன்னு. பக்கத்துல இருந்த தம்பி பாக்கெட்லேர்ந்து எடுத்து காட்டுனாரு. "இப்ப வாசல்ல ஒருத்தன் நின்னுட்டு, எனக்கு ஓட்டு போட்டேன்னா என் எதிராளிங்க சீட்டெல்லாம் உன் கையில மிச்சம் இருக்கணும், காட்டு, காசு தரேன்னு சொன்னா?" அவ்ளோ தான் கேட்டாரு, ரூம் அமைதியாயிடுச்சு. இந்த மாதிரி தனிச்சீட்டு முறை இருக்கிற எந்த நாட்டுலயும் இந்த பொத்தல் வர வாய்ப்பு உண்டு. ரகசிய ஓட்டுங்கிறது சட்டத்துல எழுதுனா மட்டும் வந்துடாது, மிச்ச காகிதம் எங்க போகுதுங்கிறது வரைக்கும் பாக்கணும்னு எனக்கு அந்த கால் மணி நேரத்துல புரிஞ்ச அளவுக்கு எந்த புத்தகமும் புரிய வச்சதில்ல.

அப்புறம் வரலாறு. 1960 ஆகஸ்ட் 17 சுதந்திரம், முதல் ஜனாதிபதி லியோன் எம்பா, 1964-ல ராணுவம் அவர எறக்குனதும் பிரெஞ்சு படை வந்து திரும்ப உக்கார வச்சது, 1967-ல அவர் இறந்ததும் துணை ஜனாதிபதியா இருந்த போங்கோ வந்தாரு, 1968-ல நாடே ஒரே கட்சி. அண்ணன் இத வேகமா தாண்டிட்டு போர்டுல மூணு நம்பர் எழுதுனாரு: 1973-ல 99.56, 1979-ல 99.96, 1986-ல 99.97. வேற ஆளே நிக்காத தேர்தல்ல ஓமார் போங்கோ வாங்குன சதவீதம். அதுக்கு கீழ 1993, 51 சொச்சம். நடுவுல என்ன ஆச்சுன்னு எங்களயே சொல்ல சொன்னாரு. எண்ணெய் விலை விழுந்து சம்பளம் வெட்டு, வேலை நிறுத்தம், தெருவுல மாணவர்கள், 1990-ல தேசிய மாநாடு கூட்டி பல கட்சிகளுக்கு அனுமதி. அதாவது மறுபக்கம் ஒரு ஆள் நிக்க முடிஞ்ச உடனே தொண்ணூத்தொம்பது அம்பத்தொண்ணாயிடுச்சு. அந்த 51-ஐயும் எதிர்க்கட்சி ஒத்துக்கல, கலவரம் ஆகி 1994-ல பாரிஸ்ல உக்காந்து பேசி தேர்தல நடத்த தனி ஆணையம் வேணும்னு ஒப்பந்தம் போட்டாங்க.

பாடத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி சுற்று கணக்கு. ஜனாதிபதி தேர்தல்ல ஒரே சுற்றா, இல்ல யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா முதல் ரெண்டு பேருக்கு இன்னொரு சுற்றா? கேக்க சாதாரணமா இருக்கும். 1991 சட்டத்துல ரெண்டு சுற்று. 2003-ல ஒண்ணாக்குனாங்க, அதே திருத்தத்துல எத்தன தடவ வேணா நிக்கலாம்னும் ஆச்சு. 2018-ல மறுபடி ரெண்டு. 2023 ஏப்ரல்ல, தேர்தலுக்கு சில மாசம் இருக்கும்போது திரும்ப ஒண்ணு. இப்ப 2024 சட்டத்துல ரெண்டு. இத போர்டுல ஒரு பக்கம் எழுதிட்டு இன்னொரு பக்கம் முடிவுகள எழுதுனாரு பாருங்க, அப்ப தான் எனக்கு பொறி தட்டுச்சு. 2009-ல ஓமார் போங்கோ இறந்தப்புறம் நடந்த தேர்தல்ல மகன் அலி போங்கோ 41.7 சதவீதத்துல ஜெயிச்சாரு, அடுத்த ரெண்டு பேரான எம்பா ஒபாமும் மம்பூண்டுவும் ஆளுக்கு இருபத்தஞ்சு சொச்சம். பத்துல ஆறு பேரு அவருக்கு போடல, ஆனா ஒரே சுற்றுங்கிறதால முடிஞ்சு போச்சு, போர்ட் ஜான்டில் ஊரு பத்தி எரிஞ்சுது.

2016 இன்னும் கிட்ட. எதிர்த்து நின்னவர் ழான் பிங், ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்துக்கு தலைவரா இருந்தவர், அவங்கப்பா சீனாவுல வென்சோவுலேர்ந்து போன வியாபாரி, வகுப்புல இருந்த சீன நண்பர் ஒருத்தர் இத கேட்டு நிமிந்து உக்காந்தாரு. ஒன்பது மாகாணத்துல எட்டு எண்ணி முடிச்சப்போ பிங் சுமார் 60 ஆயிரம் ஓட்டு முன்னாடி. கடைசியா வந்தது ஓட் ஒகோவே, போங்கோ குடும்பத்தோட சொந்த மாகாணம். அங்க ஓட்டு பதிவு 99.93 சதவீதம்னு அறிவிச்சாங்க, அதுல 95 சதவீதத்துக்கு மேல அலி போங்கோவுக்கு. நாடு முழுக்க பாத்தா பதிவு 59 சொச்சம் தான். இந்த ஒரு மாகாணத்தோட கணக்கு சேந்ததும் பிங் ஆறாயிரத்துக்கும் கொறஞ்ச ஓட்டுல தோத்துட்டாரு, 49.80 எதிர் 48.23. ஐரோப்பிய ஒன்றிய பார்வையாளர்கள் அந்த மாகாண நம்பர்ல கோளாறு வெளிப்படையா தெரியுதுன்னு சொன்னாங்க, போராட்டக்காரங்க நாடாளுமன்ற கட்டடத்துக்கு தீ வச்சாங்க, செப்டம்பர்ல அரசியல் சாசன நீதிமன்றம் கணக்க மாத்தி 50.66-ன்னு உறுதி பண்ணுச்சு. ஆணையம் முதல்ல அறிவிச்ச 49.80 பாதிய தொடல பாத்தீங்களா, ரெண்டு சுற்று சட்டம் இருந்திருந்தா அந்த அறிவிப்புப்படியே மக்கள் மறுபடி ஓட்டு போட போயிருக்கணும். இந்த இடத்துல நான் நோட்ட மூடிட்டு கேட்டுட்டே இருந்தேன்.

2023-க்கு வந்தப்போ திரும்ப அந்த பெட்டிய எடுத்தாரு. இந்த தடவ சீட்டு வேற மாதிரி, ஒரு கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர் பேரும் தொகுதி எம்பி வேட்பாளர் பேரும் ஒரே சீட்டுல. தேர்தலுக்கு சில வாரம் இருக்கும்போது நிஜமாவே இப்படி மாத்துனாங்க. எதிர்க்கட்சி கூட்டணி பொதுவா நிறுத்துன ஆல்பர்ட் ஓண்டோ ஓசா எந்த கட்சி சீட்டுலயும் இல்ல, தனி ஆளு. அண்ணன் என்கிட்ட ஒரு துண்டு தாள் குடுத்தாரு, அதுல "ஜனாதிபதிக்கு ஓண்டோ ஓசா, தொகுதிக்கு உங்க ஊரு எதிர்க்கட்சி எம்பி"ன்னு இருந்துச்சு, அதுக்கு ஏத்த சீட்ட எடுங்கன்னாரு. தேடுனேன், அப்படி ஒரு சீட்டே கிடையாது. ரெண்டுல ஒண்ண விட்டாகணும். ஓட்டு பெட்டிய யாரும் தொடாமலே ஓட்ட மாத்த முடியும்னு கையில பிடிச்சு பாத்தா கோவம் வருது, எனக்கு வந்துச்சு.

ஆகஸ்ட் 26 ஓட்டு, அன்னிக்கு சாயங்காலமே இன்டர்நெட் கட், மறுநாள்லேர்ந்து ராத்திரி ஊரடங்கு. 30-ஆம் தேதி விடிகாலை எல்லாரும் தூங்குற நேரத்துல டிவியில முடிவு அறிவிக்கிறாங்க, அலி போங்கோ 64.27, ஓண்டோ ஓசா 30.77. கொஞ்ச நேரத்துல ராணுவ அதிகாரிங்க டிவியில வந்து தேர்தல் செல்லாது, ஆட்சி முடிஞ்சுதுன்னுட்டாங்க. ஜனாதிபதி காவல் படை தலைவர் ஒலிகி என்குவேமா செப்டம்பர் 4 பதவி ஏத்துக்கிட்டாரு, லிபர்வில் தெருவுல ஜனங்க ஆடுனாங்க. ராணுவம் வந்ததுக்கு எதுக்கு சந்தோஷம்னு இங்க உக்காந்து கேக்குறவங்க இந்த நாலு மணி நேர பாடத்த ஒரு தடவ கேக்கணும்.

இப்ப குறை. பெரிய குறை தான். கையில குடுக்குற நோட்ஸ் 2023 ஆகஸ்டோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் நடந்தத அண்ணன் கடைசி பத்து நிமிஷத்துல வாயால சொல்லி முடிச்சுட்டாரு, சென்டர்காரங்க இன்னும் அச்சடிக்கலயாம். அங்க போய் வேலை செய்யப் போறவனுக்கு இன்னிக்கு இருக்கிற சட்டம் தானே முதல்ல வேணும்? 2024 நவம்பர் 16 வாக்கெடுப்புல 91 சதவீதத்துக்கு மேல ஆமான்னாங்க. புது சாசனப்படி ஏழு வருஷ பதவி, ஒரு தடவ தான் திரும்ப நிக்கலாம், பிரதமர் பதவி இல்ல, ஜனாதிபதியோட குடும்பத்துக்காரங்க அடுத்து வர முடியாது, வேட்பாளருக்கு 35-லேர்ந்து 70 வயசு. 2025 ஜனவரில வந்த தேர்தல் சட்டம் ராணுவக்காரங்களும் நிக்க வழி விட்டுச்சு. ஏப்ரல் 12 தேர்தல்ல எட்டு பேர் போட்டி, ஒலிகி என்குவேமாவுக்கு 94.85 சதவீதம், அடுத்து வந்த பிலி பி என்ஸே மூணு சதவீதம் பக்கம், அவர் போங்கோவோட கடைசி பிரதமர். பதவி ஏற்பு மே 3, நாம இங்க பொதுத் தேர்தல்ல வரிசையில நின்ன அதே நாள்.

இந்த 94-ஐ பழைய 99 கூட ஒரே கூடையில போட்டுடலாமாங்கிறது தான் நான் கேட்டு தெளிவா பதில் வாங்க ஆசைப்பட்ட கேள்வி, நேரம் இல்லாம போச்சு. என் அபிப்பிராயம், போட கூடாது. இந்த தடவ வெளிநாட்டு பார்வையாளர்கள் வந்தாங்க, ஓட்டு எண்றத பத்திரிகைக்காரங்க படம் பிடிக்க விட்டாங்க, இன்டர்நெட் நிக்கல, இது 2023 கூட ஒப்பிட்டா பெரிய மாத்தம். அதே சமயம் வயசு வரம்பு ஒண்ணாலயே ஓண்டோ ஓசா நிக்க முடியாம போச்சு, ஆட்சியில இருக்கிறவரே வேட்பாளர், தேர்தல நடத்துனது உள்துறை அமைச்சகம். எண்றது சுத்தமா இருந்தா போதுமா, யாரு நிக்கலாம்னு முடிவு பண்றதும் சுத்தமா இருக்கணுமேங்கிற கேள்வி அப்படியே நிக்குது. அண்ணன் மாதிரி ஆளுக்கு இதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் குடுத்திருந்தா வகுப்பு எங்கயோ போயிருக்கும். முதல் நாள் பிரெஞ்சு வணக்கத்த வெட்டிட்டு அந்த நேரத்த இங்க போடலாம், கருத்து படிவத்துல எழுதி குடுத்துட்டு வந்திருக்கேன்.

இன்னொரு குறை, எம்பி தேர்தல் பத்தி பேச்சே கம்மி. 2025 செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டு சுற்றா நடந்த நாடாளுமன்ற தேர்தல்ல ஒலிகி ஆரம்பிச்ச புது கட்சி தான் பெரும்பான்மை, அரை நூற்றாண்டுக்கு மேல ஆண்ட பழைய கட்சி எவ்ளோ சுருங்குச்சுன்னு ஒரு ஸ்லைடு கூட இல்ல. மரக் கம்பெனி, சுரங்க கம்பெனில வேலைன்னா மாகாணத்துல யாரு எம்பி, யாரு மேயர்ங்கிறது தான் தினமும் கைல படுற விஷயம்.

5-க்கு 3.5 தரேன், தேர்தல் பாடத்துக்கு மட்டும்னா 4.5. ரெண்டாவது சனிக்கிழமைய தனியா எடுக்க முடியுமான்னு கவுன்டர்ல விசாரிச்சேன், முடியும், 220 வெள்ளி, ஆனா வெப்சைட்டுல அந்த ஆப்ஷன் இல்ல, போன் பண்ணி தான் கேக்கணும். முன் வரிசையில உக்காருங்க, பெட்டியும் சீட்டும் பின்னாடி வர நேரம் ஆகுது. 2025 பத்தி கேள்விய காலையிலயே எழுதி அண்ணன் கைல குடுத்துடுங்க, மதியம் வரைக்கும் வச்சிருந்தா நேரம் கிடைக்காது.