நுழைவு நீளம்: எந்தச் சூத்திரம், எந்த வேலைக்கு?

குழாய்க்குள் சீரான வேகத்தில் நுழையும் திரவம் சுவரோரத்தில் வேகம் குறைகிறது. அதை ஈடுகட்ட நடுவில் வேகம் கூடுகிறது. இனி மாறாத வேக வடிவத்தை அது அடையும் வரை கடக்கும் தொலைவே நுழைவு நீளம். இதற்குப் பாடநூல்கள் தரும் விடைகள் ஒத்துப்போவதில்லை; எதை அளக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

லாமினார் எனப்படும் அடுக்கு ஓட்டத்தில், ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைத் தடைக்கும் உள்ள விகிதம்) 0.05ஆல் பெருக்கி விட்டங்களில் விடை சொல்லும் நூல்களும் உண்டு, 0.06ஆல் பெருக்குபவையும் உண்டு. 1942இல் ஆய்வாளர் லாங்ஹார் தந்த எண் 0.0575. ரெனால்ட்ஸ் எண் 2000, குழாயின் விட்டம் 25 மி.மீ. என்றால் முறையே 2.5, 3, 2.9 மீட்டர் வருகின்றன. இதில் எதுவும் பிழையன்று. மைய வேகம் சராசரியின் இரு மடங்கை மெல்ல மெல்லத்தான் நெருங்குகிறது என்பதால், 99 விழுக்காட்டை எட்டியதும் போதும் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த வரம்பைச் சற்று நகர்த்தினாலும் நீளம் கணிசமாக மாறும். நான் நீளமான விடை தரும் 0.06ஐயே எடுப்பேன்.

காரணம் ஆய்வக மேசையிலேயே தெரியும். அதே குழாயில், நீரைப் போல் 10 மடங்கு இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) கொண்ட எண்ணெய் நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஓட்டம் முழுமையாக வளர்ந்த பகுதியில் மீட்டருக்கு 42 மி.மீ. எண்ணெய் உயர இழப்பு (எண்ணெய்த் தூணின் உயரமாகச் சொல்லும் அழுத்த இழப்பு) இருக்க வேண்டும். முதல் அழுத்தத் துளையை வாயிலிருந்து 1 மீட்டரில் போட்டுவிட்டால் அழுத்த வேறுபாட்டை அளக்கும் மானோமீட்டர் அதைவிடக் கூடுதலாகவே காட்டும். மாணவர் அடுக்கு ஓட்டத்தின் உராய்வுக் கெழுவைத் தரும் 64/Re சூத்திரத்தைச் (Re என்பது ரெனால்ட்ஸ் எண்) சந்தேகிப்பார்.

மிகக் குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் இந்த நேர்விகித விதிகள் எல்லாமே கைவிடும். ரெனால்ட்ஸ் எண் 1 எனில் அவை தருவது 0.06 விட்டம், ஓட்டத்தின் திசையிலும் பரவும் பாகுநிலை விளைவைக் கணக்கில் கொள்ளும், 2005இல் டர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் தருவது 0.63 விட்டம். நுண்குழாய் வேலைக்கு இதைத் தவிர வேறெதையும் பயன்படுத்தலாகாது.

கொந்தளிப்பு ஓட்டத்தில் சுழல்கள் சுவரின் தடையை நடுப்பகுதிக்கு விரைந்து கொண்டுசெல்வதால் நீளம் குறைகிறது. 50 மி.மீ. குழாயில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம். அதன் ஆறாம் மூலத்தை 4.4ஆல் பெருக்கினால் 30 விட்டம், அதாவது 1.5 மீட்டர், நான்காம் மூலத்தை 1.359ஆல் பெருக்கினால் 24 விட்டம், 1.2 மீட்டர், '10 விட்டம் போதும்' என்னும் நடைமுறை விதிப்படி அரை மீட்டர். அழுத்த இழப்பு மட்டும் தேவையென்றால் 10 விட்டமே போதும், ஏனெனில் சுவர் உராய்வு முதலில் நிலைபெற்றுவிடும். வேக வடிவத்தை அளப்பவருக்கு அது போதாது. ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 13 லட்சத்தைத் தாண்டியதும் நான்காம் மூலச் சூத்திரமே நீளமான விடையைத் தரும்; 1 கோடியில் 65 விட்டத்துக்கு எதிராக 76 விட்டம். அங்கே பெரியதை எடுப்பதே பாதுகாப்பு.

இவை யாவும் வாயில் சீராக நுழையும் ஓட்டத்துக்கு உரியவை. எல்போ எனப்படும் குழாய் வளைவு, வால்வு ஆகியவற்றைக் கடந்து சுழன்று வரும் நீருக்கு இவற்றில் எதையும் போடக் கூடாது.